கார் பொய்த்த காலத்துக் கடன்

எங்கள் பக்கத்தில் கார் என்றால் முதலில் நெல்தான். ஜூன் மாதம் பாபநாசம் அணையைத் திறந்தால் கார் சாகுபடி, ஐப்பசி மழையோடு பிசானம். இந்த இரண்டு போகத்துக்கும் பயிர்க்கடன் எழுதுவதும் வசூலிப்பதுமாக, அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 28 வருடம் ஓட்டிவிட்டேன். அவ்வளவு நீளமாகப் பெயரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் புரியாது. சொசைட்டி என்று சொல்ல வேண்டும்.

2019 ஆகஸ்டில் என் அக்கா மகன் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திடீரென்று வந்து நின்றான். காருக்குக் கதவு ரப்பர் செய்யும் கம்பெனியில் வேலை. "ஆர்டர் இல்ல மாமா. வாரத்துல மூணு நாள் லீவு விட்டுட்டாவ" என்றான். இரண்டு நாள் கழித்து, திண்ணையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்: "அமெரிக்காவுல கார் கம்பெனி முங்கப் போனப்ப கவர்மெண்டே கடன் கொடுத்துக் காப்பாத்துச்சாம். நம்ம ஊர்லயும் அப்படிக் கொடுக்க வேண்டியதுதானே?"

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் கடன் தெரியும். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையும் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

சொசைட்டிக்குக் கடன் கேட்டு இரண்டு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை, வில்லங்கம் எதுவும் இல்லை. அந்த வருடம் அணை திறக்கத் தாமதமாகி, கார் பொய்த்துவிட்டது. பிசானத்துக்கு விதைநெல் வாங்கக் கையில் காசில்லை. இன்னொருவருக்கும் இரண்டு ஏக்கர்தான். ஆனால் நிலம் ஏற்கெனவே அடமானத்தில் இருக்கிறது, வெளியே கந்துவட்டியும் ஓடுகிறது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் அவர் கணக்கில் துண்டு விழும். முதல் ஆளுக்கு இருப்பது பணமுடை. இரண்டாம் ஆளுக்கு வந்திருப்பது நொடிப்பு. முதல் ஆளுக்குக் கொடுக்கும் கடன் அடுத்த அறுப்பில் திரும்பி வரும். இரண்டாம் ஆளுக்குக் கொடுத்தால், பழைய கடனை அடைக்கத்தான் அது போகும்.

அரசு கார் கம்பெனிக்குக் கொடுக்கும் அவசரகாலக் கடனைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசம் போதும். ஊரே சுருண்டு கிடக்கிற காலத்தில் நல்ல கம்பெனிக்கும் பணமுடை வரும். வங்கிகளும் பயந்து கையை இழுத்துக்கொள்ளும். கடன் கொடுக்க வேறு நாதியில்லை என்கிற அந்தக் கட்டத்தில், அரசு தன் கஜானாவிலிருந்து கெடு வைத்து, நிபந்தனை வைத்துக் கொடுப்பதுதான் இந்தக் கடன். சிக்கல் என்னவென்றால், கடன் கேட்டு வருகிறவர் முகத்தில் பணமுடை, நொடிப்பு என்று எழுதி ஒட்டியிருக்காது. பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் இருக்கும்.

சரி, ஊரில் எத்தனையோ தொழில் இருக்கிறது. கார் கம்பெனிக்கு மட்டும் ஏன் இப்படி மூச்சு முட்டுகிறது?

சோற்றைத் தள்ளிப்போட முடியாது, காரைத் தள்ளிப்போடலாம். வேலை நிலைக்குமா என்ற சந்தேகம் வந்ததும் குடும்பங்கள் முதலில் ஒத்திவைப்பது இந்த மாதிரிப் பெரிய செலவைத்தான். பழைய வண்டியே இன்னும் இரண்டு வருடம் ஓடட்டும் என்று விட்டுவிடுவார்கள். வாங்க நினைக்கிறவர்களிலும் முழுப் பணத்தையும் எண்ணி வைத்து வாங்குகிறவர் குறைவு; பாதிக்கு மேல் தவணைதான். தவணைக்குக் கடன் கொடுக்கும் பைனான்ஸ் கம்பெனி படுத்துவிட்டால், ஆசைப்பட்டவனும் வாங்க முடியாது. 2019-இல் நம் நாட்டில் நடந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. முந்தைய ஆண்டு செப்டம்பரில் ஐஎல் அண்டு எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் விழுந்தது. அந்தப் பயத்தில் வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்குப் பணம் வருவது சுருங்கியது, அவர்கள் கொடுக்கும் வண்டிக் கடனும் சுருங்கியது. 2019 ஆகஸ்டில் பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஆண்டு ஆகஸ்டைவிட 30 விழுக்காட்டுக்கும் மேல் விழுந்தது. என் அக்கா மகன் திண்ணைக்கு வந்து சேர்ந்த வழி அதுதான்.

விற்பனை நின்றாலும் செலவு நிற்காது. கட்டடம், இயந்திரம், சம்பளம், வாங்கிய கடனுக்கு வட்டி எல்லாம் அப்படியே நடக்கும். 2008-இல் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதத்தில் மட்டும் ஜெனரல் மோட்டார்ஸ் கையிருப்பிலிருந்து 690 கோடி டாலர் கரைந்தது. மூன்று மாதத்துக்கு இவ்வளவு என்றால், எவ்வளவு பெரிய களஞ்சியமும் காலியாகும்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கார் கம்பெனி என்பது ஒரு கம்பெனியாக மட்டும் இல்லை. கன்னடியன் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமடையை அடைத்தால், அதன் பக்கத்தில் இருக்கும் கல்லிடைக்குறிச்சிக்காரருக்குச் சில நாள் தாங்கும். கடைமடைக்காரரின் வயல்தான் முதலில் வெடிக்கும். காரில் உள்ள ஆயிரக்கணக்கான பாகங்களில் பெரும்பகுதியைக் கார் கம்பெனி தானே செய்வதில்லை. வெளியே வாங்குகிறது. பொருளைக் கொடுத்துவிட்டு 45 நாள், 60 நாள், சில இடத்தில் 90 நாள் கழித்துத்தான் பணம் வரும். அந்தப் பாகம் செய்கிறவரும் தனக்குக் கீழே இருக்கிற சின்னப் பட்டறைக்குப் பாக்கி வைத்திருப்பார். மேலே ஒரு கம்பெனி சாய்ந்தால், கடைசியில் நிற்கும் லேத் பட்டறைக்காரருக்கு இரண்டு மாத உழைப்பு ஒரேயடியாக வாராக்கடன் ஆகிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2008-இல் ஃபோர்டு கம்பெனிக்கு அமெரிக்க அரசின் அவசரக் கடன் உடனே தேவைப்படவில்லை. இருந்தும் அதன் தலைவர் ஆலன் முலாலி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து, தன் போட்டியாளர்களுக்காகப் பரிந்து பேசினார். பக்கத்துக் கடைக்காரன் கடையை மூடினால் நமக்கு லாபம்தானே என்று தோன்றும். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பாகம் கொடுக்கும் அதே ஆட்கள்தான் ஃபோர்டுக்கும் கொடுக்கிறார்கள். ஒரே கால்வாயில் பாயும் வயல்கள். அவன் விழுந்தால் கால்வாயே தூர்ந்துபோகும், நம் வயலுக்கும் தண்ணீர் வராது என்பது முலாலிக்குத் தெரிந்திருந்தது.

இனி அந்த அமெரிக்கக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கடன் எப்படிக் கொடுக்க வேண்டும், எப்படிக் கேட்கக்கூடாது என்று இரண்டுக்கும் அதில் பாடம் இருக்கிறது.

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானது. கடன் சந்தை உறைந்தது. நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகிய மூன்று கம்பெனித் தலைவர்களும் தங்கள் தொழிலுக்காக 2,500 கோடி டாலர் கேட்டு வாஷிங்டனுக்குப் போனார்கள். மூன்று பேரும் போனது தனித்தனி விமானத்தில், அதுவும் கம்பெனியின் சொந்த விமானத்தில்! எங்கள் சொசைட்டிக்குக் கடன் தள்ளிவைக்கக் கேட்டு வருகிறவர் புது புல்லட்டை வாசலில் நிறுத்திவிட்டு வந்தால் நாங்கள் எப்படிப் பார்ப்போமோ, அப்படித்தான் அவர்களும் பார்த்தார்கள். வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார்கள். டிசம்பரில் மறுபடி வந்தபோது டெட்ராய்ட்டிலிருந்து காரிலேயே வந்தார்கள். கேட்ட தொகை மட்டும் 3,400 கோடியாக ஏறியிருந்தது.

நாடாளுமன்றத்தின் கீழவை 1,400 கோடி டாலருக்கு ஒரு மசோதாவை நிறைவேற்றியது. மேலவையான செனட்டில் 60 வாக்கு வேண்டிய இடத்தில் 52 தான் விழுந்தது; மசோதா படுத்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்றிருந்த நிலையில், டிசம்பர் 19 அன்று அதிபர் புஷ், வங்கிகளை மீட்க அக்டோபரில் ஒதுக்கியிருந்த 70,000 கோடி டாலர் நிதியிலிருந்து 1,740 கோடி டாலரைக் கார் கம்பெனிகளுக்குத் திருப்பிவிட்டார். ஜெனரல் மோட்டார்ஸுக்கு 1,340 கோடி, கிரைஸ்லருக்கு 400 கோடி.

அந்தக் கடன் பத்திரத்தில் இருந்த நிபந்தனைகளைப் படித்தபோது, எழுதியவர் நம்ம சாதிக்காரர் என்று தோன்றியது. கடன் கொடுக்கும் சாதியைச் சொல்கிறேன். 2009 மார்ச் 31-க்குள் கம்பெனி சொந்தக் காலில் நிற்கும் என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கடனைத் திருப்பிக் கேட்கலாம். சொந்த விமானங்களை விற்க வேண்டும். பெரிய அதிகாரிகளின் சம்பளத்துக்கு உச்சவரம்பு. ஈடில்லாமல் வாங்கியிருந்த பழைய கடனில் மூன்றில் இரண்டு பங்கைப் பங்குகளாக மாற்றிக்கொள்ளக் கடன் கொடுத்தவர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும். தொழிலாளர் சங்கமும் கூலியில் இறங்கி வர வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், அரசு மட்டும் பணம் போட்டால் போதாது, மற்ற எல்லோரும் கொஞ்சம் இழக்க வேண்டும்.

கெடு முடிவதற்கு முந்தைய நாள் புது அதிபர் ஒபாமா, இரண்டு கம்பெனியின் திட்டமும் தேறாது என்று சொல்லிவிட்டார். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ரிக் வேகனர் பதவியிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று. கிரைஸ்லருக்கு இத்தாலியின் ஃபியட்டுடன் கைகோக்க 30 நாள், ஜெனரல் மோட்டார்ஸுக்கு 60 நாள் அவகாசம். இரண்டும் கடைசியில் திவால் நீதிமன்றத்துக்கே போயின. கிரைஸ்லர் ஏப்ரல் 30 அன்று, ஜெனரல் மோட்டார்ஸ் ஜூன் 1 அன்று.

"அப்போ கடன் கொடுத்தும் திவால்தானா?" என்று என் மருமகன் கேட்டான். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். திவால் என்றால் கடையை இழுத்து மூடிச் சாமானை ஏலம் விடுவது என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்கச் சட்டத்தில், கடையைத் திறந்து வைத்தபடியே பழைய கடன்களை வெட்டிக் குறைத்துத் திருத்தி எழுதும் திவாலும் உண்டு. அதற்கும் பணம் வேண்டும். நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும்போது சம்பளம் யார் கொடுப்பது, பாகத்துக்கு யார் பணம் கொடுப்பது? சாதாரணக் காலத்தில் தனியார் வங்கிகள் அந்த இடைக்காலக் கடனைக் கொடுக்கும். 2009-இல் கொடுக்க ஆளில்லை. அரசுதான் கொடுத்தது. டிசம்பர் கடன் ஆறு மாத மூச்சை வாங்கிக் கொடுத்தது. அந்த ஆறு மாதத்தில் திவாலுக்கு ஒழுங்காகத் தயாராக முடிந்தது. 2008 டிசம்பரிலேயே தயாரில்லாமல் விழுந்திருந்தால், ஏலம்தான் நடந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

ஜெனரல் மோட்டார்ஸ் 40 நாளில் திவாலிலிருந்து வெளியே வந்துவிட்டது. வந்தது புதுக் கம்பெனி. அதில் அமெரிக்க அரசுக்கு 60 விழுக்காட்டுக்குச் சற்று மேல், கனடா அரசுகளுக்கு ஏறக்குறைய 12, ஓய்வு பெற்ற தொழிலாளர்களின் மருத்துவ அறக்கட்டளைக்கு 17.5, பழைய கடன் பத்திரக்காரர்களுக்கு 10 விழுக்காடு. பழைய பங்குதாரர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பான்டியாக், சாட்டர்ன் என்ற அதன் கார் பெயர்களே இல்லாமல் போயின. கிரைஸ்லர் ஒரே மூச்சில் 789 டீலர்களைக் கழற்றிவிட்டது.

கிரைஸ்லர் விஷயத்தில் எனக்கு இன்றுவரை ஒரு உறுத்தல் உண்டு. அதற்கு ஈடு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவர்களுக்கு வரவேண்டியது 690 கோடி டாலர். கிடைத்தது 200 கோடி. டாலருக்கு 29 சென்ட். அதே நேரத்தில் தொழிலாளர் மருத்துவ அறக்கட்டளைக்குப் புதுக் கம்பெனியில் 55 விழுக்காடு பங்கு போனது. ஈடு வைத்திருப்பவனுக்கு முதல் உரிமை என்பது நாங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் படித்த பாடம். கம்பெனியை ஏலம் விட்டால் அந்த 29 சென்ட்கூடத் தேறாது என்று அரசு வாதாடியது, அதில் நியாயம் இருக்கலாம். இண்டியானா மாநில ஓய்வூதிய நிதிகள் உச்ச நீதிமன்றம் வரை போயும் விற்பனையைத் தடுக்க முடியவில்லை. ஆனாலும் கொடுப்பவர் அரசாக இருக்கும்போது வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்பதையும் அவரே தீர்மானிப்பார் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

கடன் திரும்பி வந்ததா? 2010 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ், அரசுக் கடனை வட்டியோடு முழுசாக, கெடுவுக்கு ஐந்து வருடம் முன்பே அடைத்துவிட்டோம் என்று தொலைக்காட்சியில் விளம்பரமே கொடுத்தது. பொய் என்று சொல்ல முடியாது, உண்மை என்றும் சொல்ல முடியாது. அரசு கொடுத்த 4,950 கோடி டாலரில் கடனாகப் பதிவில் நின்றது 670 கோடிதான். மீதியில் பெரும்பகுதி பங்காக மாறியிருந்தது. அந்தக் கடனைக்கூட, அரசு கொடுத்துத் தனியே ஒதுக்கி வைத்திருந்த பணத்திலிருந்துதான் அடைத்தார்கள். பயிர்க்கடனை அடைக்க நகைக்கடன் வாங்குவது நமக்குப் புதிதில்லையே. 2013 டிசம்பரில் கடைசிப் பங்கை விற்று முடித்தபோது ஜெனரல் மோட்டார்ஸ் கணக்கில் அமெரிக்க அரசுக்கு 1,000 கோடி டாலருக்கும் மேல் நட்டம். அதே திட்டத்தில் வண்டிக் கடன் கொடுக்கும் ஜிமேக் என்ற நிறுவனத்துக்குக் கொடுத்ததில் லாபம் வந்தது. பணத்தின் கணக்கு இவ்வளவுதான். தப்பிய வேலைகளுக்கு விலை போட்டால் கணக்கு மாறும், போடுகிறவரைப் பொறுத்து.

அரசு பணத்தை எடுத்து நீட்டாமலும் உதவலாம். 1980 ஜனவரியில் இதே கிரைஸ்லருக்கு அமெரிக்க அரசு 150 கோடி டாலர் வரை ஜாமீன் நின்றது. கடன் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். கட்டாவிட்டால் நாங்கள் கட்டுகிறோம் என்று அரசு கையெழுத்துப் போட்டது. அப்போது கம்பெனித் தலைவர் லீ அயகோகா. 1983-லேயே, கெடுவுக்கு ஏழு வருடம் முன்பாக அடைத்து முடித்தார்கள். அரசுக்கு லாபமும் வந்தது. ஜாமீன் நின்றதற்குக் கைம்மாறாகப் பங்கு வாங்கும் உரிமையை முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்ததுதான் காரணம். கெட்டிக்காரத்தனம்! பிரான்ஸ் 2009-இல் ரெனோ, பூஜோ சித்ரோன் இரண்டுக்கும் தலா 300 கோடி யூரோ நேரடிக் கடன் கொடுத்து, உள்நாட்டு ஆலைகளை மூடக்கூடாது என்று வாக்குறுதி வாங்கியது. அந்தக் கடன் திரும்பி வந்தது. 2005-இல் இங்கிலாந்து, எம்ஜி ரோவர் என்ற கார் கம்பெனிக்கு ஒரு வாரச் சம்பளத்துக்காக 65 லட்சம் பவுண்டு கொடுத்துப் பார்த்தது. சீனக் கம்பெனி வாங்க வரும் என்ற நம்பிக்கையில் கொடுத்தது. அந்தப் பேச்சு முறிந்தது, கம்பெனி போய்விட்டது. அங்கே நோய் பணமுடை இல்லை.

இதையெல்லாம் எதிர்ப்பவர்களின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது. மறுநாள் காலையில் சொசைட்டிக்கு முதலில் வந்தவர், முந்தைய மாதம்தான் தோட்டை அடகு வைத்துக் கடனைக் கட்டி முடித்தவர். "ஒழுங்காக் கட்டுனவன் கேணப்பயலா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தள்ளுபடி வேறு, அவசரக் கடன் வேறுதான். ஆனாலும் கேள்வி ஒன்றுதான். ஃபோர்டு 2006-லேயே, நல்ல காலம் இருக்கும்போதே, ஆலை முதல் தன் நீல வட்டச் சின்னம் வரை அடமானம் வைத்து 2,360 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்து கையில் வைத்துக்கொண்டது. அதனால்தான் அதற்கு 2008-இல் கையேந்தாமல் நிற்க முடிந்தது. பின்னால் மற்றவர்களின் கடன் அரசுப் பணத்தால் குறைந்தபோது, ஃபோர்டு மட்டும் தன் பழைய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தது. (ஃபோர்டு அரசுப் பணத்தையே தொடவில்லை என்பதும் சரியில்லை. எரிபொருள் சிக்கன வண்டிகளுக்காக ஆலைகளைப் புதுப்பிக்க 2009-இல் 590 கோடி டாலர் அரசுக் கடன் வாங்கியது. அது வேறு திட்டம்.)

நம் நாட்டுக்கு வருவோம். 2008 டிசம்பரில் இங்கே கார் கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கவில்லை. உற்பத்தி வரியை 4 விழுக்காட்டுப் புள்ளி குறைத்தார்கள். 2019-இல் கம்பெனிகளின் வருமான வரியைக் குறைத்தார்கள். தலைமடைக்குக் கடன் கொடுக்காத அரசு, கொரோனா காலத்தில் கடைமடைக்குக் கொடுத்தது. 2020 மே மாதம் அறிவித்த 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தைச் சொல்கிறேன். பேட்டை தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் என் சிநேகிதர் ஒருவருக்கு அந்த பிப்ரவரி 29 அன்று வங்கியில் 10 லட்சம் பாக்கி இருந்தது. அதில் 20 விழுக்காடு, 2 லட்சம் கூடுதல் கடன் கிடைத்தது. புதிதாக ஈடு எதுவும் இல்லை, முழுத் தொகைக்கும் ஜாமீன் மத்திய அரசு. நாலு வருடத் தவணை, முதல் வருடம் வட்டி மட்டும். அவருக்கு ஆள் சம்பளம் ஓடிவிட்டது. பக்கத்துப் பட்டறைக்காரர் கடனே வாங்காமல் தொழில் செய்தவர். பாக்கி பூஜ்யம், பூஜ்யத்தில் 20 விழுக்காடு பூஜ்யம். அவர் மனைவியின் நகையோடு அடகுக் கடைக்குப் போனார்.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது என் மருமகன் மறுபடியும் போன் பண்ணினான். ஃபோர்டு ஆலை இருந்த மறைமலை நகரில் அவன் கூட்டாளிகள் இருந்தார்கள். "இப்பவாவது கடன் கொடுப்பாங்களா மாமா?" பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று கம்பெனியே சொல்லிவிட்டது. கடன் கேட்கவே இல்லை, போகிறேன் என்றது. போகிறவருக்குக் கடன் கொடுத்து என்ன செய்ய? அங்கே நடந்த பேச்சு முழுவதும் தொழிலாளர்களின் இழப்பீட்டைப் பற்றித்தான்.

இப்போது அவனுக்கு ஊர்ப்பக்கம் வர ஆசை. தூத்துக்குடி சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் ஆலையைத் திறந்த பிறகு, அதைச் சுற்றிப் பாகம் செய்யும் கம்பெனிகள் ஏதாவது வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, ஒரு கம்பெனியில் சேருவதற்கு முன்னால் என்னென்ன விசாரிக்க வேண்டும் என்று கேட்டான். சம்பளத்தை அப்புறம் கேளு மருமவனே, அவுகளுக்குப் பொருள் கொடுக்கிறவனுக்கு எத்தனை நாளில் பணம் வருகிறது என்று முதலில் கேளு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "2019-ல எங்க கம்பெனிக்கு 45 நாள்ல வந்துட்டிருந்தது 80 நாள் ஆச்சு மாமா. அதுக்கு அடுத்த மாசம்தான் லீவு விட்டாவ" என்றான்.